முத்துவேலின் வேலி

அன்புள்ள சம்பந்தம்,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். உன் மகளுக்கு வேலை கிடைத்ததை ராஜம்மா அக்கா சொன்னார்; மிக்க மகிழ்ச்சி. நீ கடிதம் போடாமல் இருந்ததற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது வேறு அவசரம்.

அஞ்செட்டி சாலையில் முத்துவேல் நிலம் வாங்கினான் அல்லவா? அதற்கு உயிர்வேலி போடப் போகிறானாம். நர்சரி ஒன்றில் 'ஹைப்ரிட் களா' என்று ஒரு முட்செடியைக் காட்டியிருக்கிறார்கள். பளபளக்கும் இலை, மல்லிகை வாசம், செக்கச்செவேலென்று பழம். ஆள் சொக்கிப்போய் முன்பணமும் கொடுத்துவிட்டான். அவன் மைத்துனரோ, இது அரளி இனம், விஷம் என்று பயமுறுத்துகிறார். போனில் படம் எடுத்துக் கேட்டால் பைரகாந்தா என்று வேறொரு முட்செடியின் பெயர் வருகிறது. கடைசியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றான். கல்லூரியில் நீ உலர்த்தி ஹெர்பேரியத் தாளில் ஒட்டிய செடிகளுக்கெல்லாம் பெயர் எழுதியவன் நான் என்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இலைகள் எதிரெதிராக இருந்தன. கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் சொட்டியது. பைரகாந்தா அப்போதே கழிந்துவிட்டது. அதற்குப் பாலும் கிடையாது, எதிரிலையும் கிடையாது, பழமும் பட்டாணி அளவில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இதன் முள் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்திருந்தது. பழத்தைக் குறுக்கே வெட்டினேன். சிவந்த சதையெங்கும் பால் துளிர்த்தது. நடுவில் தட்டையான பழுப்பு விதைகள் நிறைய இருந்தன. நம் களாவில் விரல்விட்டு எண்ணும்படி சில விதைகள்தானே இருக்கும்? அது பழுத்தால் கறுத்துவிடும். இது பழுத்தும் சிவப்பாகவே நிற்கிறது, அளவிலும் பெரியது. சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது பூ. களாவின் இதழ்கள் வலப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இதில் இடப்பக்கமாக ஏறியிருந்தன. லென்ஸ் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், சம்பந்தம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

செடியின் அறிவியல் பெயர் கரிஸ்ஸா மேக்ரோகார்ப்பா. நேட்டால் பிளம் என்பார்கள். தென்னாப்பிரிக்கக் கடற்கரைச் செடி, அழகுக்காக இங்கே கொண்டுவரப்பட்டது. மைத்துனர் சொன்னதில் பாதி சரி. அரளியின் குடும்பம்தான், களாவும் அதே குடும்பம்தான். நன்றாகக் கனிந்த பழத்தை அந்த ஊர்க்காரர்கள் தின்கிறார்கள், ஜாமும் காய்ச்சுகிறார்கள். காய், இலை, விதை எதையும் வாயில் வைக்கக் கூடாது. சிவப்பாகத் தெரிவதையெல்லாம் பறித்து வாயில் போடும் பிள்ளைகள் அவன் வீட்டில் இருக்கிறார்கள். இதை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது விஷம் அல்ல. அவன் நிலத்தை அடுத்து மேலகிரிக் காடு. உண்ணிச்செடியும் வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தோட்டத்துக்கு என்றுதான் இந்த நாட்டுக்கு வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் கொண்டு போயின. இன்று அந்தப் புதருக்கு அடியில் மாடு மேயப் புல் இல்லை. நேட்டால் பிளமும் அப்படித்தான் பரவும் என்று நான் சொல்லவில்லை. காட்டின் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்கிறேன். ஓசூரில் ஒரு வீட்டு வாசலில் தொட்டியில் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்?

வேலிக்கு நாட்டுக் களாவுக்கு என்ன குறை? வறட்சி தாங்கும், ஆடு நுழையாது, காய் ஊறுகாய்க்கு ஆகும். சிறுகளா அந்த அடிவாரத்திலேயே தானாக முளைத்துக் கிடக்கிறது. பழுத்ததும் விதை எடுத்துக் காயவிடாமல் உடனே போட்டால் நாற்று தயார். வேலி அடைய இரண்டொரு வருடம் கூடுதலாகப் பிடித்தால் பிடிக்கட்டுமே.

இவ்வளவையும் சொல்லியாகிவிட்டது. "முன்பணம் போய்விடுமே" என்கிறான். அந்தப் பணத்துக்குத் தொட்டிச் செடிகள் வாங்கிக்கொள்ளச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. அன்றும் இன்றும் அவன் உன் பேச்சுக்கு மட்டும்தான் கட்டுப்படுவான்; மாதேஸ்வரன் மலைக்குப் போனபோதே பார்த்தோமே. அடுத்த வாரம் குழி தோண்ட ஆள் வருகிறது. அதற்குள் அவனுக்குப் போன் செய்.

அன்புடன்,
கோபால்
தேன்கனிக்கோட்டை