லா புஃபடோராவும் அதன் சந்தையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மெக்சிகோவில் கடல் தண்ணீர் பாறைக்கு நடுவே பீறிட்டு எழும் லா புஃபடோரா என்ற இடம் பற்றிப் போன இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மெக்சிகோ எல்லையை ஒட்டிய அமெரிக்க நகரான சான் டியேகோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மார்ச் மாதம், நானும் அங்கே போய்வந்தவள். ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன், ஆனால் இரண்டு விஷயம் மனதுக்கு ஒப்பவில்லை.

முதலில், அது வெந்நீர் ஊற்று இல்லை. கட்டுரையில் இரண்டு இடத்தில் அப்படி வந்திருக்கிறது. பீறிடுவது பசிபிக் கடலின் குளிர்ந்த உப்புத் தண்ணீர்தான், மேலே தெறித்தால் உடம்பு சிலிர்த்துவிடும். என்செனாடா நகருக்குத் தெற்கே, புன்டா பண்டா என்று கடலுக்குள் நீண்டிருக்கும் மலைமுனையில், பாறைக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது. அலை உள்ளே பாயும்போது அங்கே மாட்டிக்கொண்ட காற்று நெருக்குண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் தண்ணீரையும் வாரிக்கொண்டு மேலே வெடிக்கிறது. கடல் வேகமாக இருந்தால் 30 மீட்டர் வரைகூட எழும்புமாம். ஸ்பானிய மொழியில் புஃபார் என்றால் காளையோ குதிரையோ மூக்கால் சீறுவது, அதிலிருந்து வந்த பெயர்தான் இது, அங்கே நின்று கேட்டால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று தோன்றும்.

ஐந்து நிமிடம் நின்றோம், பெரிதாக ஒன்றுமில்லை என்று கட்டுரையாளர் எழுதுகிறார். நாங்கள் போனபோதும் முதல் கால் மணி நேரம் முழங்கால் உயரத்துக்கு நுரை வந்ததோடு சரி, கூட வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு பெரிய அலை வந்தது. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது, தலைக்கு மேல் வெள்ளையாக ஒரு மரம் முளைத்த மாதிரி தண்ணீர் எழுந்து எங்கள் மேலேயே சரிந்தது, பக்கத்தில் நின்ற மெக்சிகோக் குழந்தைகள் கத்திய கத்தலில் நானும் கத்தினேன். வழிதவறி வந்த திமிங்கிலக் குட்டி ஒன்று பாறைக்குள் மாட்டி, அங்கேயே வளர்ந்து, இன்னும் தண்ணீரைப் பீய்ச்சி அம்மாவைக் கூப்பிடுகிறது என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். சாம்பல் திமிங்கிலங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் ஆர்க்டிக் பக்கமிருந்து குட்டி ஈன வந்துபோகும் கரை அது, கதை பிறந்ததில் ஆச்சரியமே இல்லை.

இரண்டாவது விஷயம்தான் என்னை எழுத வைத்தது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பாறை வரை இருபுறமும் கடைகள், அதைக் கட்டுரையாளர் "கடந்து போக வேண்டிய தொல்லை" என்கிறார். பாசலே, பாசலே என்று கூப்பிடுகிறார்கள், உண்மைதான். உள்ளே வாங்க என்று அர்த்தம், நம் ஊர்க் கடைத்தெருவில் கூப்பிடாததா? கம்பளம், வெள்ளி நகை, தோல் செருப்பு, வனிலா பாட்டில், மண்பாண்டம் எல்லாம் இருந்தன, ஆனால் என் கால் நின்றது சாப்பாட்டுக் கடைகளில். மீன் டாக்கோவுக்குப் பேர்போன ஊர் என்செனாடா. மாவில் தோய்த்து, பஜ்ஜி மாதிரி பொரித்த மீனை மக்காச்சோள ரொட்டியில் வைத்து, மேலே முட்டைக்கோஸ், எலுமிச்சை, காரச் சட்னி. அந்த ரொட்டிக்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பது மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். சுரோஸ் என்ற பொரித்த இனிப்பு போடுகிறவர்கள் சுடச்சுட ஒரு துண்டைக் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்கிறார்கள், வாங்காமல் நகர்ந்தாலும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு அம்மா மாம்பழத்தைக் கீறி, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து டம்ளரில் கொடுத்தார். மெரினாவின் மாங்காய்ப் பத்தை நினைவு வந்து அப்படியே நின்றுவிட்டேன். மிளகாய் அவர்கள் மண்ணில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. மாம்பழம் நம் பக்கத்திலிருந்து கிழக்கே போய், பிலிப்பைன்ஸின் மணிலாவிலிருந்து போன கப்பல்களில் அவர்களிடம் சேர்ந்தது, இன்றும் அங்கே ஒரு ரகத்துக்கு மணிலா என்றே பெயர். இரண்டும் அந்த டம்ளரில் சேர்ந்து கிடந்தன.

எங்கள் வேனில் வந்த ஒருவர் ஒரு பாட்டியம்மாவிடம் சால்வைக்கு அடிமாட்டு விலை கேட்டு, கடைசியில் வாங்காமலே நகர்ந்தார். பேரம் பேசலாம், அங்கே அது வழக்கம்தான், ஆனால் பேசி முடித்தால் வாங்க வேண்டும். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

போக நினைக்கிற வாசகர்களுக்கு: செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் நமக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. போகும்போது எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடலாம், திரும்பும்போதுதான் மணிக்கணக்கில் வரிசை, குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோப் பணமான பெசோவைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு போங்கள். வெந்நீர் ஊற்று என்பதை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.