பத்து நாள் தாமதம்

அன்புக் கண்ணம்மா,

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததைப் பத்து நாள் கழித்துச் சொன்னேன் என்று நீ கோபப்பட்டது நியாயம்தான். "விஷயத்தைச் சொல்லாம பதறாதே, பதறாதேன்னா எப்படிப்பா?" என்று கேட்டாயே, அன்று ராத்திரி எனக்கு ஷூலன்பர்க் ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியவனுக்கு வேறு என்ன தோன்றும்? இப்போது நீ இருக்கும் பெர்லினுக்கு ஆளுநராக இருந்தவர் அவர்.

1742-ல் எல்பே ஆற்றங்கரையில் கேனர்ட் என்ற ஊரில் பிறந்தார். ஏழாண்டுப் போரில், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் குதிரைப்படையில் இளம் அதிகாரி. அப்புறம் நிர்வாகத்துக்கு வந்தார். 1771-ல், முப்பது வயது நிரம்புவதற்குள், மன்னர் இரண்டாம் பிரெடரிக் அவரை மந்திரியாக்கினார். வங்கி, கடல் வாணிகம் என்று பல வருஷம் கணக்கு வழக்கோடு கழிந்தது.

1806 அக்டோபர் 14-ல் யேனாவிலும் அவர்ஸ்டெட்டிலும் நெப்போலியனின் படைகளிடம் ஒரே நாளில் பிரஷ்யப் படை நொறுங்கியது. மூன்றாம் நாள் பெர்லின் தெருக்களில் ஷூலன்பர்க்கின் அறிவிப்பை ஒட்டினார்கள். நாலே வாக்கியம்: "மன்னர் ஒரு போரில் தோற்றுவிட்டார். இப்போது அமைதி காப்பதே குடிமக்களின் முதல் கடமை. பெர்லின் மக்களை அவ்வாறே கேட்டுக்கொள்கிறேன். மன்னரும் அவருடைய சகோதரர்களும் உயிரோடு இருக்கிறார்கள்!"

இரண்டாவது வாக்கியம் அங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. எனக்கு முதல் வாக்கியம்தான் பெரிது. தோற்றதைத் தோற்றோம் என்று முதலில் சொன்னார். நான் உனக்கு இரண்டாவதை மட்டும்தான் சொன்னேன்.

ஆனாலும் அவரை முழுக்க மெச்ச மனம் வரவில்லை. நகரத்தை மருமகன் ஹட்ஸ்ஃபெல்ட் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். 27-ம் தேதி நெப்போலியன் பிராண்டன்பர்க் வாயில் வழியாக நுழைந்தார். பிரெஞ்சுப் படை விவரத்தைப் பிரஷ்யத் தரப்புக்கு எழுதிய ஹட்ஸ்ஃபெல்டின் கடிதம் அவரிடம் சிக்கியது. மருமகன் உயிர் போகும் நிலை. அவர் மனைவி, ஷூலன்பர்க்கின் மகள், அப்போது நிறைமாதத்தை நெருங்கியிருந்தாள். போய் நெப்போலியன் காலில் விழுந்தாள். அவர் அந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தார். பக்கத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. கடிதத்தை அதில் போட்டுவிட்டாள். கணவன் பிழைத்தான்.

அப்பா ஊரை விட்டுப் போய்விட்டார், மகள் நின்றாள். வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன கதை இது. அப்படியிருந்தும், நீ தாங்க மாட்டாய் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். மன்னித்துவிடு.

அம்மாவுக்கு நேற்றுத் தையல் பிரித்தார்கள். ராத்திரியில் இன்னும் வலி இருக்கிறது, தூக்கம் சரியில்லை. பயாப்சி ரிசல்ட் புதன்கிழமை வரும். எதுவாக இருந்தாலும், ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே உனக்குப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா