சகோதரிகளுக்குப் படிக்க நேரம் கொடுங்கள்

கிழக்கு ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த மேதகு ஆயர்களுக்கு,

வணக்கம். கன்னியர் மடத்துப் பள்ளியில் எழுத்துக் கற்றவள் நான். விடியுமுன் எழுந்து, வகுப்பு முடிந்தால் விடுதி, விடுதி உறங்கினால் கணக்குப் புத்தகம் என்று சிஸ்டர்மார் ஓடியதைப் பார்த்து வளர்ந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் மண்ணில் கன்னியர் மடத்துச் சகோதரிகள் செய்திருப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1903இல் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், இன்சாம்பியா என்ற இடத்தில் அயர்லாந்துச் சகோதரி அன்னை கெவின் தொடங்கிய மருத்துவப் பணி இன்று பெரிய மருத்துவமனையாக நிற்கிறது. கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டுத் தப்பி வந்த பெண்களை வடக்கு உகாண்டாவின் குளு நகரில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்து, அவர்களுக்கு வாழ வழி காட்டினார் சகோதரி ரோஸ்மேரி நிரும்பே.

ஆனால் ஒரு மருந்தகத்தையோ பள்ளியையோ நடத்தும் பொறுப்பு, அதற்கான பட்டமோ கணக்குப் பயிற்சியோ பெறாத இளம் சகோதரியின் தலையில் எத்தனையோ முறை விழுகிறது. அரசு சான்றிதழ் கேட்கிறது. நன்கொடையாளர் வரவு செலவை எக்செலில் கேட்கிறார். அந்தச் சகோதரியோ அலைபேசியின் சிறு திரையில் அறிக்கை தட்டுகிறார்.

பணம் ஓரளவு வெளியிலிருந்து வருகிறது. 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்பிரிக்கச் சகோதரிகள் கல்விக் கூட்டமைப்பு, ஹில்டன் அறக்கட்டளையின் துணையோடு 2007 முதல் நிர்வாகம், நிதி, கணினி ஆகியவற்றில் பயிற்சி தருகிறது. 2013 முதல் பட்டப்படிப்புக்கும் உதவுகிறது. இதைப் பெருக்க வேண்டும். எனினும் எந்த அறக்கட்டளையாலும் தர முடியாத ஒன்று உண்டு: நேரம். அது உங்கள் கையிலும் சகோதரிகளின் துறவற சபைத் தலைவியர் கையிலும்தான் இருக்கிறது.

குருவாகப் பயிற்சி பெறும் குருமாணவர் மெய்யியலும் இறையியலும் படிக்கும் ஆண்டுகளில் அவரிடம் யாரும் ஒரு விடுதியை ஒப்படைப்பதில்லை. இணையவழிப் பாடம் படிக்கும் சகோதரியோ பகலெல்லாம் கற்பித்து, மாலையில் மறைக்கல்வி நடத்தி, மின்சாரம் இருந்தால் இரவில் பாடத்தைத் திறக்கிறார். இது அநியாயம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மறைமாவட்ட நிறுவனங்களில் உழைக்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் எழுத்தில் ஒப்பந்தமும் உரிய ஊதியமும் கொடுங்கள். சபைகள் அதிலிருந்தே அடுத்தவரைப் படிக்க அனுப்பும். படிப்பவருக்குச் சொந்தமாக ஒரு மடிக்கணினி வேண்டும். இணையக் கட்டணத்தைத் தண்ணீர்க் கட்டணம்போல மடத்தின் செலவில் சேருங்கள். நிதி மேலாண்மை படித்துத் திரும்பியவரை மழலையர் வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்த பொதுக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுங்கள். அன்று சபைத் தலைவியரும் உங்களோடு அதே மேசையில் அமர்ந்து பேசட்டும்.

அன்புடன்,
கன்னியர் பள்ளியின் பழைய மாணவி