இருபது நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற தம்பிக்கு

அன்பான உறவுகளுக்கு,

2021 ஜூலை 14 இரவு இங்கே ஜெர்மனியில், ஆர் ஆற்று வெள்ளத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குக் கரண்ட் இல்லாததால் எங்களைவிட நீங்கள்தான் கூடப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். கீழ்வீடு போய்விட்டது, மேல்மாடி இருக்கிறது. அவ்வளவு போதும்.

முதலில் மொத்தமாக நன்றி சொல்ல வேண்டியவர்கள். கேட்காமலே உழவு இயந்திரத்தோடு வந்து இறங்கிய விவசாயிகளுக்கும் திராட்சைத் தோட்டக்காரருக்கும். எந்த ஊர் என்றே சொல்லாமல், எண்ணெய் மணக்கிற சேற்றை வாளி வாளியாகக் கைமாற்றி எங்கள் நிலக்கீழ் அறையைக் காலியாக்கிய பெடியன்களுக்கும் பெட்டைகளுக்கும். ஹம்மிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்த நம்மவர்களுக்கும். சுவர் உலர்த்துகிற இயந்திரத்தை இரவல் தந்துவிட்டு இன்றுவரை திருப்பிக் கேட்காத என் பழைய முதலாளிக்கும். அந்த நாட்களில் நான் ஒருவருடைய பெயரையும் கேட்டு வைக்கவில்லை. கோபிக்க வேண்டாம்.

இனி ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும்.

ஆறாம் நாள் பின்னேரம், முழங்கால்வரை சேறோடு ஒரு தம்பி எங்கள் படியேறி வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். தோளில் பை, கையில் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று. தான் ஃப்ரைஃபுங்க் என்றார். அது அவருடைய பெயராக்கும் என்று நினைத்து நானும் என் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தேன். மகள் சிரித்துவிட்டாள்.

ஃப்ரைஃபுங்க் என்பது தன்னார்வலர்கள் தாங்களே கட்டுகிற வலை. 2000களின் தொடக்கத்தில் பெர்லினில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. 2015இல் சிரியாச் சனம் வந்து இறங்கியபோது பல அகதி விடுதிகளில் இவர்கள்தான் பெட்டி வைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். எப்படி வேலை செய்கிறது என்று மகள் கேட்டுக் கேட்டு எனக்கு மொழிபெயர்த்தாள். ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியோடு கதைக்கும், அது அதற்கடுத்ததோடு கதைக்கும். இடையில் ஒன்று செத்துப்போனால் செய்தி தானாகவே வேறு வழி தேடிப் போகும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரில் வேலிப் பொட்டுக்குள்ளால் போகிற செய்தி மாதிரி. ஒழுங்கையில் ஆமி நின்றாலும் நாலு வளவு தாண்டி மறுகரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வழி தேடுகிற மென்பொருளுக்கு பேட்மேன் என்று பெயராம். பெயரை விடுங்கள், பெடியன்கள்தானே.

எங்கள் பள்ளத்தாக்கு ஒடுக்கம், ஆறு வளைந்து வளைந்து போகிற இடம். இந்தப் பெட்டிகளுக்கு ஒன்றையொன்று கண் நேராகப் பார்க்க வேண்டும். அதனால் திராட்சைச் சரிவில் ஒரு கம்பம் நட்டு, குன்றுக்கு அந்தப் பக்கம் இணையம் உயிரோடு இருந்த கிராமத்திலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். எங்கள் பின்பக்கப் பால்கனியில் ஒரு பெட்டி வைத்தால் தெருவே பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் வந்தது. எல்லாம் சரி. பெட்டியைக் கம்பத்தில் பிடிக்கிற கவ்விதான் இல்லை. அது வேறொரு வாகனத்தில், பாலம் உடைந்ததால் ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்றது.

“இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன், பெட்டியை நாளைக்குப் பூட்டலாம்” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைக் குன்றுப் பக்கம் திருப்பினார். முன்வீட்டுக் கூரை மறைத்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மகள் அவருடைய மடிக்கணினியைப் பார்த்து அலையின் பலத்தை எண்ணாக வாசித்தாள். மைனஸுக்குப் பின்னால் வருகிற எண் குறையக் குறைய நல்லதாம். “மைனஸ் எண்பத்தொன்று. எழுபத்தாறு. அறுபத்தெட்டு. அசையாதீங்கோ, அறுபத்தைந்து!” அவர் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே நின்றார். என் கைத்தொலைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. அப்புறம் நிறுத்தாமல் அதிர்ந்தது. ஆறு நாள் செய்தி.

“யாருக்காவது எடுக்க வேண்டுமா?” என்று கேட்டார்.

கொலோனில் இருக்கிற மச்சான் மூலமாக, நாங்கள் சுகம் என்று யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் அம்மாவுக்குச் செய்தி போயிருந்தது. அம்மா நம்பவில்லை. செத்ததை உடனே சொல்ல மாட்டார்கள், மெல்ல மெல்லத்தான் சொல்வார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவரே அப்படிப் பலருக்குச் சொன்னவர்.

வட்ஸ்அப்பில் படம் வந்ததும் அம்மா அழவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்தார். முதல் கேள்வி இதுதான்:

“உனக்குப் பின்னாலை நிக்கிறவன் ஆர்? ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான்? அங்கையும் ஆமி வந்திட்டுதோ?”

நான் விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாவம், கை நோகும். இறக்கச் சொல்லு” என்றார்.

“இறக்கினால் நீங்கள் போயிடுவீங்கள், அம்மா.”

“அப்ப கெதியா வை” என்று சொல்லிவிட்டு, மேலும் பதினைந்து நிமிடம் கதைத்தார். மாட்டைப் பற்றி, கோயில் கொடியேற்றம் பற்றி, பக்கத்து வீட்டுக்காரன் மதில் தள்ளிக் கட்டியதைப் பற்றி. அவ்வளவு நேரமும் எனக்குப் பின்னால் அந்தத் தம்பி நின்றார். கை நடுங்கத் தொடங்கியதும் மகள் ஒரு கதிரை கொண்டுவந்து ஏறி, அவருடைய முழங்கைகளைத் தாங்கிப் பிடித்தாள். ஒரு சொல்லும் விளங்காத கதைக்காக அவர் நின்றார். இடையில் ஒருக்கால் நான் திரும்பிப் பார்க்க, “கதையுங்கள், கதையுங்கள்” என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

1990களின் முற்பாதியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. என் குரலைக் கேட்க அம்மா இரவில் கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறி வவுனியாவுக்கு வந்தவர், அங்கே ஒரு கொமினிக்கேசன் கடை வாங்கிலில் இரண்டு நாள் காத்திருந்தவர். அந்த அழைப்பு எத்தனை நிமிடம் என்று எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருக்கிறது. ஆறு நிமிடமாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்டிடத்தில் ஒரு மாணவன் இருந்தான். தன் இணைப்பு வருகிறவரை எங்கள் வைஃபையைத் தர முடியுமா என்று கேட்டான். மறுத்துவிட்டேன். வேறொருவர் எங்கள் இணைப்பில் களவாகப் படம் இறக்கினாலும் வக்கீல் கடிதம் எங்களுக்குத்தான் வரும் என்று அப்போது சட்டம் இருந்தது. 2017இல் அதை மாற்றினார்கள். நான் கடவுச்சொல்லை மாற்றவில்லை, மனதையும் மாற்றவில்லை. சட்டம் எனக்கு ஒரு வசதியான சாட்டு. இந்தப் பிள்ளைகளோ அதே சட்டம் இருந்த காலத்திலேயே, மற்றவர்களின் இணைப்பைத் தங்கள் சேவர் கணினி வழியாகச் சுற்றி அனுப்பி, பழியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு கதவைத் திறந்து வைத்தவர்கள்.

மறுநாள் கவ்வி வந்தது. பெட்டிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், வரைபடத்தில் தெரியும் என்றார். மகள் கரவெட்டி என்றாள். எழுத்துக்கூட்டிக் கேட்டுத் தட்டினார். இப்போது ஆர் ஆற்றங்கரையில், ஜெர்மன் தெருப் பெயர்களுக்கு நடுவே, பச்சைப் புள்ளியாகக் கரவெட்டி இருக்கிறது. கீழே தண்ணீர் லொறி வருகிற நேரம் பார்த்தால் அந்தப் பெட்டியின் இணைப்பில் நாற்பது பேர்வரை தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சொந்த இணைப்பு திரும்பி வந்தாலும் அந்தப் பெட்டியைக் கழற்ற விடப் போவதில்லை. நம் இணைப்பிலிருந்தே அதற்குக் கொடுக்கலாமாம், தம்பியிடம் கேட்டுவிட்டேன். போன சனிக்கிழமை அவர்களோடு சரிவில் கம்பம் தூக்கப் போனேன். வயர் நுனியில் எட்டு நிறத்தை வரிசைப்படுத்திப் பூட்ட இன்னும் கை பழகவில்லை. மூன்று பழுதாக்கி ஒன்று சரியாக்கினேன்.

தம்பி, பெயரை எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள், எழுதவில்லை. உங்கள் கையுறை ஒன்று பால்கனியில் கிடந்தது. கழுவி வைத்திருக்கிறோம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.