‘திடீரென முறிந்தது’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டறைகளில் கொக்கி, சங்கிலி, அச்சு என எது உடைந்தாலும் தங்கள் நாளிதழில் ‘திடீரென முறிந்தது’ என்றே செய்தி வருகிறது. கோவை கணபதிப் பகுதிப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், அச்சொல் எல்லா இரும்புக்கும் பொருந்தாது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

10 மி.மீ. விட்டமுள்ள சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் எனும் மென்னெஃகு) கம்பியைச் சோதனை எந்திரத்தில் மாட்டி இழுத்தால், ஏறக்குறைய 2 டன் வரை அது ஆங்கிலேய அறிவியலாளர் ஹூக் 1678இல் வெளியிட்ட விதிப்படி பாரத்துக்கேற்ப நீண்டு, பாரத்தை எடுத்ததும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். மீட்டர் கம்பிக்கு அந்த நீட்சி ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. மீட்சி எல்லையைத் தாண்டியதும் எந்திரத்தில் பாரத்தைக் காட்டும் முள் தயங்கி நிற்க, கம்பி மட்டும் நீளும். மேலிருக்கும் கருஞ்செதில் பொலபொலவென உதிரும். பிறகு மீண்டும் இறுகி, 3 டன்னுக்கு மேலும் தாங்கி, ஓரிடத்தில் இடுப்பு சிறுத்து, தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காவது நீண்ட பிறகே அறும். அறுந்த முனை தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இத்தனை அறிவிப்புக்குப் பின் நடப்பதைத் திடீரென என்று சொல்வது நியாயமா?

நம் ஊர் பவுண்டரிகளில் வார்க்கும் சாம்பல் வார்ப்பிரும்பு அப்படியல்ல. அதனுள் கரி மெல்லிய ஏடுகளாக விரவிக் கிடப்பதால் ஒவ்வோர் ஏட்டின் நுனியும் விரிசலுக்கு வாசல். இழுவையில் தாங்குவதைப் போல மூன்று நான்கு மடங்கை அமுக்கத்தில் தாங்கும் (கடைசல் எந்திரமான லேத்தின் அடிப்படுகையை அதில் வார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்). இழுத்தாலோ நீளாமலே விட்டுவிடும். உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்தால் ஓட்டுச்சில்லு போலக் கச்சிதமாகப் பொருந்தும். எம்.எஸ். கம்பித் துண்டுகள் அப்படிப் பொருந்துவதே இல்லை.

லாரி அச்சின் கதை வேறு. தாங்கக்கூடியதைவிடக் குறைந்த பாரமே லட்சக்கணக்கான முறை மாறிமாறி விழுவதால் விரிசல் மயிரிழையாகத் தொடங்கி வளரும். முறிந்த முகத்தில் ஒரு பகுதி, குளம் வற்றும்போது கரையில் விழும் கோடுகளைப் போன்ற வளைகோடுகளுடன் வழுவழுப்பாகவும், மீதி உடைத்த வெல்லக்கட்டி போலச் சொரசொரப்பாகவும் இருக்கும். வழுவழுப்பு பல நாளைய வேலை. சொரசொரப்பு மட்டுமே அந்தக் கணத்தினுடையது.

நான் இருந்த ஓரிடத்தில் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கின் கொக்கி வாய் விரிந்துவிட்டது. அதைக் கழித்துப்போடாமல், காய்ச்சாமலே சம்மட்டியால் அடித்து மூடி மறுபடி மாட்டினார்கள். மிச்சமிருந்த நீளும் திறனும் அந்த அடியில் செலவாகியிருக்க வேண்டும். அடுத்த மாதம் வழக்கமான பாரத்துக்கே விட்டுவிட்டது. கீழே ஆள் இல்லாதது எங்கள் நல்ல காலம். அறிக்கையில் ‘திடீரென’ என்றே எழுதப்பட்டது. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

ஆகவே இத்தகைய விபத்துகளில் உடைந்த முகத்தை அருகில் படமெடுத்து வெளியிடவும், அப்பொருள் முன்பே வளைந்ததா, அடித்து நிமிர்த்தப்பட்டதா என்று விசாரித்து எழுதவும் தங்கள் செய்தியாளர்களைப் பணிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி,
கணபதி, கோயம்புத்தூர்.