எதிரியை நோக்கித் திரும்பிய 'பெங்கால்'

மதிப்பிற்குரிய லெப்டினன்ட் கமாண்டர் வில்சன் அவர்களுக்கு,

1942 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடந்த சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஹோகோகு மாரு என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்த குண்டு யாருடையது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் 'பெங்கால்' சுட்டதா, நீங்கள் காவலாகப் போன டச்சு எண்ணெய்க் கப்பல் 'ஒண்டினா' சுட்டதா? ஒண்டினாவின் 4 அங்குலப் பீரங்கிதான் என்று எனக்கும் படுகிறது. இருக்கட்டும். அதற்கு முன் நீங்கள் எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிது.

ராயல் இந்தியக் கடற்படைக்காகச் சிட்னியில் கட்டிய கப்பல் அது. கண்ணிவெடி அகற்றுவதுதான் அதற்கு விதித்த வேலை. சேவையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 4 அங்குலப் பீரங்கி இருக்கவேண்டிய இடத்தில் ஒரேயொரு 12 பவுண்டர், அதைவிடச் சிறிய பீரங்கி! ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் துறைமுகத்திலிருந்து டியகோ கார்சியா தீவுக்குப் போகும் வழியில் எதிரே வந்தவையோ, ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானியக் கப்பல்கள்; அவற்றில் ஒன்றுதான் ஹோகோகு மாரு. 14 செ.மீ. பீரங்கிகள், டார்பிடோ, கடல் விமானம் என்று எல்லாம் இருந்தன. ஒண்டினாவைத் தப்பி ஓடச் சொல்லிவிட்டு, நீங்கள் பெங்காலை நேராக அவற்றை நோக்கித் திருப்பினீர்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹோகோகு மாரு தீப்பிடித்து, வெடித்து மூழ்கியது. உங்கள் குண்டுகள் ஏறக்குறைய தீர்ந்தபின் புகைத்திரை எழுப்பி விலகினீர்கள். கப்பலில் அடி விழுந்தும் உங்கள் ஆட்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ஒண்டினாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் கேப்டன் ஹோர்ஸ்மன் இறந்தார். டார்பிடோ பாய்ந்தது. உயிர்காக்கும் படகுகளில் இறங்கியவர்களையும் ஜப்பானியர்கள் சுட்டார்கள், அந்தக் கொடுமையை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஆனால் மிஞ்சியவர்கள் மூழ்காத தங்கள் கப்பலிலேயே திரும்ப ஏறி, தீயை அணைத்து, நவம்பர் 18 அன்று அதை ஃப்ரீமேண்டிலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முந்தைய நாள்தான் நீங்கள் டியகோ கார்சியாவை அடைந்திருந்தீர்கள்.

அப்புறம் ஒன்று சொல்லவேண்டும். பெங்கால் 1960 வரை சுதந்திர இந்தியாவின் கடற்படையில் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த காசில்மெயின், வயல்லா என்ற இரண்டு கப்பல்களை ஆஸ்திரேலியர்கள் இன்றும் அருங்காட்சியகமாகப் பேணுகிறார்கள். பெங்காலை நாம் உடைத்துவிட்டோம். அந்த வருத்தத்தை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வணக்கத்துடன்,
ஒரு வாசகன்