லொறி ஓடிய தூரமா, விலைப்பட்ட சரக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கின் விளைபொருட்களை ஏற்றிச் செல்லும் லொறிகளுக்கு ஜி.பி.எஸ். கருவி பொருத்துவது பற்றியும், எரிபொருட் செலவையும் புகையையும் செயலி மூலம் கணக்கிடுவது பற்றியும் இப்போது பேசப்படுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் எதை அளப்பது என்று தீர்மானிக்காமல் கருவியை வாங்கினால், திரையில் கிலோமீற்றர்கள் நிறையுமே தவிரத் தோட்டக்காரருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சரக்குப் போக்குவரத்தின் பச்சைவீட்டு வாயு (புவியைச் சூடாக்கும் வாயு) வெளியேற்றத்தைக் கணக்கிடும் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 14083, 2023இல் வெளியானது. ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்ல வெளியாகும் அளவே அதன் அடிப்படை. வெறுமையாக ஓடும் ஓட்டமும் அதில் சேரவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் லொறியொன்று 5 தொன் ஏற்றிப் போவதாக வைத்துக்கொள்வோம். எரியும் டீசல் 80 லீற்றர். லீற்றருக்குச் சுமார் 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்றால், தொன்-கிலோமீற்றருக்கு 108 கிராம். அதே லொறி 60 லீற்றர் எரித்து வெறுமையாகத் திரும்பினால் அது 189 கிராமாகிறது. ஏற்றியதில் ஐந்திலொரு பங்கு பழுதாகி 4 தொன் மட்டுமே விலைப்பட்டால் 236 கிராம். இந்தக் கடைசிக் கணக்கை நியமம் கேட்பதில்லை, நாம் கேட்கவேண்டும்.

ஏனெனில் எமது இழப்பு அங்கேதான் இருக்கிறது. நீர்வேலி வாழைக்குலைகளைச் சருகு விரித்து அடுக்கினாலும் அடித்தட்டுக் குலைகள் நசிந்தே போய்ச் சேருகின்றன. படங்கு மூடிய சின்ன வெங்காய மூடைகள் உள்ளே வியர்க்கின்றன. தீப்பெட்டியளவு வெப்ப, ஈரப்பதப் பதிகருவியொன்றை மூடைகளுக்கிடையில் வைத்தால், எந்த மணித்தியாலத்தில், எந்தத் தரிப்பிடத்தில் சூடு ஏறியது என்பது தெரிந்துவிடும். இப்போதோ எவரும் அளப்பதில்லை. அதனால்தான் சந்தையில் 100 கிலோவுக்கு 10 கிலோ 'கழிவு' என்று கண்ணை மூடிக்கொண்டு கழிக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பேச விவசாயியின் கையில் ஓர் இலக்கமும் இல்லை.

2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது கியூ.ஆர். குறியீடு மூலம் பங்கீடு நடந்ததை அனைவரும் அறிவர். வாகன இலக்கத்துக்கு எத்தனை லீற்றர் என்பதை நாடு முழுவதும் பதியலாம் என்று அது காட்டியது. ஆயினும் எரிபொருளின் அளவு மட்டும், ஏற்றிய எடையும் இறக்கிய எடையும் இல்லாமல், போக்குவரத்தின் திறனைப் பற்றி எதையும் சொல்லாது.

எனவே மாகாண விவசாயத் துறையினரிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் வேண்டுவது இதுதான்: வருகிற வெங்காயப் பருவத்தில் தம்புள்ளை மொத்த விற்பனைச் சந்தைக்குப் போகும் சில லொறிகளிலாவது, ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் இலத்திரனியல் தராசில் நிறுத்து, இரண்டு எடைகளையும் அன்றைக்கே குறுஞ்செய்தியாக விவசாயிக்கு அனுப்புங்கள். ஸ்மார்ட் கைத்தொலைபேசி இல்லாதவருக்கும் அது போய்ச் சேரும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நீர்வேலி.